கணினி விளையாட்டுக்கான பயாஸ் அமைப்பு

விண்டோஸுக்கு முன்பே இயங்கத் தொடங்கும் நிலைபொருளான பயாஸில் செய்யும் மாற்றங்கள். அதிகப் பயன் தருவது ரேம் வேகம். 3200 என விற்கப்படும் டிடிஆர்4 ரேம், அதை அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு முடக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் 2133 அல்லது 2400இலேயே ஓடும். காசு கொடுத்தவர் பலருக்கு இது தெரிவதில்லை. டிடிஆர்5க்கு ஏஎம்டி 2022இல் இதேபோன்ற எக்ஸ்போவைக் கொண்டுவந்தது. ‘ரீசைசபிள் பார்’, கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸருக்குத் திறந்துவிடும். பலன் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்.

ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் வேறு கதை. தென்மேற்குப் பருவத்தில் சூடான கச்சான் காற்று வீசும் திருகோணமலையில், குளிரூட்டி இல்லாத அறையில் வோல்டேஜை ஏற்றுவது வீண். சூடேறிய ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி வேகத்தைச் சீராக்குவதே மேல்.

பயாஸைப் புதுப்பிக்கையில் மின்சாரம் போனால் மதர்போர்டே செயலிழக்கலாம். 2022 மார்ச்சில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் யூபிஎஸ் இன்றி அதில் இறங்கக்கூடாது. மாற்றிய அமைப்பு தவறாகிக் கணினி எழும்பாவிட்டால், மின்னிணைப்பைக் கழற்றி, மதர்போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்தால் பெரும்பாலும் தொடக்க நிலைக்குத் திரும்பும்.