பிறர் இட்ட பெயர்

கவ்காசு மலைநாட்டில் வாழும் ஓரினத்தார் தம்மை 'அதிகே' என்று சொல்லிக்கொள்வர். ஆங்கில நூல்களோ அவர்களைச் 'சர்க்காசியர்' என்றே நெடுங்காலம் எழுதி வந்தன. அன்பார்ந்த நேயர்களே, கலகெதரவில் வாழும் எமக்கு இது புதினமன்று. தமிழில் நாம் சோனகர். ஆங்கிலப் பத்திரங்களில் 'மூர்'.

இந்த 'மூர்' எங்கிருந்து வந்தது? வட ஆபிரிக்காவின் பழைய மௌரித்தானியாவிலிருந்து. அங்கிருந்து வந்து தம் நாட்டை ஆண்ட முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் 'மௌரோ' என்றனர். 16ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையில் கண்ட முஸ்லிம் வணிகருக்கும் அதையே சூட்டினர். 1626இல் அவர்களைக் கரையோரத்திலிருந்து விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்தான். விரட்டியவர் போயினர், அவர் இட்ட பெயர் போகவில்லை. ஒல்லாந்தர் அதை ஏற்றனர். ஆங்கிலேயர் குடிசன மதிப்பிலும் பதித்தனர்.

பெயர்தானே என்று விட்டுவிட முடியுமா? தமிழ் பேசும் சோனகர் இனத்தாலும் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை எழுதினார். மறு ஆண்டே சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு வெளியிட்டார். மொழி ஒன்றாயினும் வரலாறு வேறு என்பது அவர் வாதம்.

தமிழ் பேசும் இருவர் ஆங்கிலத்தில் வாதாடினர். இருவரது தலைப்பிலும் நின்ற சொல் 'மூர்'. நாம் யார் என்ற வழக்கைக்கூடப் பிறர் இட்ட பெயரிலேயே நடத்த வேண்டியிருந்தது.