வேர்மண்ணில் ஒரு புதிய பெயர்

சோளப் பயிர் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் ஒட்டிவரும் ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றுள் புதிய இனத்தை எவ்வாறு கண்டறிவது? கோல், கோளம், சுருள் எனச் சில வடிவங்களே உண்டு. ஆகவே உருவம் மட்டும் போதாது. உணவு, தாங்குதிறன், மரபணு ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும்.

சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும், அலையாத்திக் காடுகளை அடுத்து வளரும் காட்டு நெல்லின் வேரில் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். உப்புச் சூழலிலும் அது காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தியது. கரையாத பாஸ்பேட்டைக் கரைத்தது. பழைய பேரினம் எதிலும் அது அடங்கவில்லை. 2004-இல் 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' எனப் பெயரிட்டனர். முன்பாதி, நம் கோவை வேளாண்மைக் கல்லூரியில் பயின்ற எம்.எஸ். சுவாமிநாதனைக் குறிக்கும், பின்பாதிக்கு 'உப்பைத் தாங்குவது' என்று பொருள்.

இப்பெயர் வெறும் மரியாதையன்று. பெயரும் விளக்கமும் இருந்தால்தான் எந்நாட்டு ஆய்வாளரும் அதனை மீண்டும் இனங்கண்டு, உவர் ஏறிய வயலுக்கு உதவுமா எனச் சோதிக்க முடியும்.