கனடாவின் மருந்துக் காப்புரிமை வழக்குகளில் பொருளிழந்த மேல்முறையீடுகள் (1993–2017)

முன்னுரை

தீர்ப்பினால் மாறக்கூடியது எதுவும் எஞ்சாத நிலையில், ஒரு மேல்முறையீட்டை நீதிமன்றம் கேட்க வேண்டுமா? கனடாவின் மருந்துக் காப்புரிமை வழக்குகளில் இவ்வினா, தோற்ற இரு தரப்பினருள் ஒருவரை மட்டுமே பாதித்தது. அச்சமனின்மை தோன்றிய விதத்தையும் நீங்கிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒழுங்குவிதிகளின் அமைப்பு

மருந்துகளுக்கான கட்டாய உரிம முறையைக் கனடா 1993இல் கைவிட்டது. அவ்வாண்டிலேயே காப்புரிமை பெற்ற மருந்துகளுக்கான இணக்க அறிவிப்பு ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு காப்புரிமை செல்லாது அல்லது மீறப்படவில்லை எனப் பொதுப்பெயர் மருந்து நிறுவனம் அறிவித்தால், உரிமையாளர் 45 நாள்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம். கோரினால், விற்பனைக்குரிய இணக்க அறிவிப்பை நலவாழ்வு அமைச்சர் வழங்குவது நிறுத்திவைக்கப்படும். இக்காலவரம்பு முதலில் 30 மாதங்களாகவும் 1998 முதல் 24 மாதங்களாகவும் இருந்தது.

தடையாணை பிறந்தால் அது நடைமுறையில் நீடிக்கும். ஆகவே பொதுப்பெயர் நிறுவனத்தின் மேல்முறையீட்டுக்குப் பொருள் இருக்கும். விண்ணப்பம் தள்ளுபடியானால், அமைச்சர் அறிவிப்பை வழங்கிவிடுவார். வழங்கப்பட்டதைத் தடுக்க இயலாது. எனவே உரிமையாளரின் மேல்முறையீடு பொருளிழக்கும்.

ஓலன்சபின் வழக்கு

பொருளிழந்த வழக்கையும் விருப்புரிமையால் கேட்கலாம் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1989இல் போரோவ்ஸ்கி வழக்கில் கூறியது. எதிரெதிர் வாதம் நிலவுதல், நீதிமன்ற வளங்களின் சிக்கனம், சட்டமியற்றுவோரின் எல்லையை மதித்தல் ஆகிய மூன்றும் அதற்குரிய அளவுகோல்கள். ஓலன்சபின் என்னும் மனநோய் மருந்து குறித்த எலி லில்லி – நோவோபார்ம் வழக்கில், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் மேல்முறையீட்டைக் கேட்க மறுத்தது. உரிமைமீறல் வழக்குத் தொடுக்கும் வழி உரிமையாளருக்குத் திறந்திருந்தது.

எலி லில்லி அவ்வழியே சென்றது. அக்காப்புரிமை செல்லாது என 2009இல் தீர்ப்பானது. 2010இல் சில வினாக்கள் மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டன. 2011இல் மீண்டும் செல்லாது எனப்பட்டு, 2012இல் அது உறுதியானது.

2007இன் மறுப்பைப் பிழையெனக் கூற இயலாது. தடையாணை விசாரணை எழுத்துச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட சுருக்க விசாரணை. காப்புரிமையின் செல்லுபடியை அது இறுதியாகத் தீர்மானிப்பதில்லை. மேல்முறையீட்டைக் கேட்டிருந்தாலும் பூசல் முடிந்திராது. எனினும், நிறுத்திவைப்பால் விளைந்த இழப்புக்கு 8ஆம் விதியின்கீழ் ஈடு கோர அத்தள்ளுபடியே வழிவகுத்தது. பெரும்பொறுப்பை விளைவிக்கும் ஒரு முடிவு மேல்நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்படாமல் நின்றது.

முடிவுரை

தீர்வு நீதிமன்றத்திற்கு வெளியிலிருந்து வந்தது. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின் 20.28ஆம் பிரிவு, வழக்காடுவோர் அனைவருக்கும் சமமான, பயனுள்ள மேல்முறையீட்டு உரிமையைக் கோரியது. 2017 செப்டம்பர் 21 முதல் சுருக்க விசாரணையின் இடத்தை முழு வழக்கு பெற்றது. மேல்முறையீடுகள் பொருளிழந்தமைக்கு விதியமைப்பே காரணம். அதனை வழக்குதோறும் விருப்புரிமையால் ஈடுசெய்யாமல் விதியியற்றுவோரிடம் விட்டது போரோவ்ஸ்கி அளவுகோலுக்கு இயைந்ததே. ஆயினும், அக்கட்டுப்பாட்டின் விலையை 24 ஆண்டுகள் ஒரு தரப்பே செலுத்தியது என்பதையும் வரலாறு காட்டுகிறது.