காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு

1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், எவையெவை கண்டுபிடிப்பு ஆகா என்பதை 3-ஆம் பிரிவில் சொல்கிறது. அதன் (டி) உட்பிரிவு, ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம் அப்பொருளின் செயல்திறனைக் கூட்டாவிட்டால் அதற்குக் காப்புரிமை மறுக்கிறது. ஒரு தரப்பு இதை மலிவு மருந்துக்கான அரண் என்கிறது. மறு தரப்பு ஆராய்ச்சிக்குப் போட்ட முட்டுக்கட்டை என்கிறது. இரண்டும் இதைத் தடையாகவே பார்க்கின்றன. தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இது அடிப்படையில் மெய்ப்பிக்கும் சுமையைப் பற்றிய விதி. எந்தப் பொருளோடு ஒப்பிட்டு, எந்தத் தரவைக் கொண்டு திறன் கூடியதென்று காட்டுகிறீர்கள் என்று அது விண்ணப்பதாரரைக் கேட்கிறது. இந்தக் கேள்விக்கு விடை இருந்ததா இல்லையா என்பதே வழக்குகளின் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

இந்தக் கேள்வியின் வேர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையில் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி அயல்நாட்டாரிடம் இருப்பதையும், அவை இங்கே உற்பத்தியாகப் பயன்படுத்தப்படாமல் இறக்குமதிச் சந்தையைக் காக்கவே உதவுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதன் வழியில் வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமையை விலக்கி, செய்முறைக்கு மட்டும் குறுகிய காலக் காப்புரிமை தந்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்ததும் அந்த ஏற்பாட்டின் நாள்கள் எண்ணப்பட்டன. இந்தியாவுக்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது; அதுவரை வந்த மருந்து விண்ணப்பங்கள் ‘அஞ்சல் பெட்டி’ என்ற ஏற்பாட்டில் காத்திருந்தன. 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை திரும்பியது. அதற்கான மசோதா அவ்வாண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, இடதுசாரிக் கட்சிகளின் அழுத்தத்தால் 3(டி) இன்றைய வடிவைப் பெற்றது.

பிரிவோடு சேர்ந்த விளக்கத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். அறிந்த பொருளின் உப்புகள், எஸ்டர்கள், ஈத்தர்கள், பல்வேறு படிக வடிவங்கள், துகள் அளவு, ஐசோமர்கள் முதலியவை, செயல்திறன் தொடர்பான பண்புகளில் கணிசமாக வேறுபடாவிட்டால், அதே பொருளாகவே கருதப்படும் என்கிறது அது. இந்த நடை, ஜெனரிக் மருந்தை வரையறுக்கும் 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையின் வாசகத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அங்கே ‘பாதுகாப்பு, செயல்திறன்’ என்று இரண்டு அளவுகோல்கள். இங்கே செயல்திறன் மட்டுமே. மருந்து அனுமதிச் சட்டத்தின் மொழி காப்புரிமைச் சட்டத்துக்குள் வந்தபோது ஒரு சொல் குறைந்திருக்கிறது. பின்னாளைய சிக்கல்களில் பாதி அந்த ஒரு சொல்லின் இன்மையிலிருந்து பிறந்தவை என்பேன்.

பிரிவுக்கு முதல் பெருஞ்சோதனை சென்னையில் நடந்தது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்திருந்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் அதை மறுத்தது. பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. டிரிப்ஸுக்கு முரணா என்பதை ஆராயும் இடம் இதுவல்ல என்றும், மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் திறனே என்றும் அது கூறியது. 2009-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், படிக வடிவம் புதியதுதான், கண்டுபிடிப்புத் திறனும் உண்டு, ஆனாலும் 3(டி)யைத் தாண்டவில்லை என்றது. அசல் மருந்து மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய்க்கும், ஜெனரிக் வடிவம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கும் விற்ற காலம் அது. விலைக்கு மக்கள் மனத்தில் பெரிய இடம் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் தீர்ப்போ ஒப்பீட்டின் மேல் நின்றது. அறிந்த பொருள் இமாட்டினிப் மெசிலேட். அது இமாட்டினிப்புக்கான முந்தைய காப்புரிமைக்குள் (சிம்மர்மன் காப்புரிமை) அடங்கியது. நிறுவனமே அந்தக் காப்புரிமையைக் காட்டி அமெரிக்காவில் மருந்து அனுமதி பெற்றிருந்தது. அப்படியிருக்க, அது தந்த தரவு பீட்டா படிகத்தை வெறும் இமாட்டினிப்போடு ஒப்பிட்டது. உடல் ஏற்கும் அளவு 30 விழுக்காடு கூடியது என்ற வாதமும் அந்த ஒப்பீட்டில் பிறந்ததே. படிகத்தின் நிலைத்தன்மையும் ஈரம் உறிஞ்சாத தன்மையும் தயாரிப்பாளருக்கு நன்மை. நோயாளியின் குணம் அவற்றால் கூடியதென்று காட்டப்படவில்லை. உடல் ஏற்கும் அளவு கூடினாலே போதாது, அதனால் சிகிச்சைத் திறன் கூடியதை ஆய்வுத் தரவால் நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். நிறுவினால் வழி உண்டு என்பதும் இதே வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

படிப்படியான முன்னேற்றமே மருந்தியலின் இயல்பு, அதை இந்தப் பிரிவு தண்டிக்கிறது என்பது வலுவான மறுப்பு. ஆனால் பிரிவு படிப்படியான முன்னேற்றத்தை விலக்கவில்லை. நோயாளிக்குப் பலன் தராத மாற்றத்துக்கு இன்னொரு 20 ஆண்டுத் தனியுரிமை இல்லை என்கிறது. காசநோய் மருந்தான பெடாக்குயிலின் பற்றிய வழக்கு இதற்குச் சான்று. காசநோயிலிருந்து மீண்ட இருவர், காப்புரிமை வழங்கப்படும் முன்னரே எதிர்ப்பு மனு தாக்கல் செய்தனர். அம்மருந்தின் ஃபியூமரேட் உப்புக்கான விண்ணப்பத்தை மும்பை அலுவலகம் 2023 மார்ச்சில் மறுத்தது. மூலக் காப்புரிமை அவ்வாண்டு ஜூலையில் முடிய, மற்றவர்களும் தயாரிக்க வழி பிறந்தது. டிரிப்ஸ் மீறல் என்ற இன்னொரு குற்றச்சாட்டு சென்னை வழக்கிலேயே எழுந்தது. ஆனால் எந்த நாடும் இந்தப் பிரிவை எதிர்த்து உலக வணிக அமைப்பில் வழக்கிடவில்லை. மாறாக, பிலிப்பைன்ஸ் 2008-இல் இதை ஒத்த விதியைத் தன் சட்டத்தில் சேர்த்தது.

தெளிவின்மை என்ற குறையை மட்டும் நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். நச்சுத்தன்மை குறைந்த, பாதுகாப்பு கூடிய வடிவம் சிகிச்சைத் திறன் கூடியதாகுமா? உச்ச நீதிமன்றம் இரு கருத்துகளையும் குறிப்பிட்டுவிட்டு, விடை சொல்லாமல் விட்டது. விளக்கத்தில் விடுபட்ட அந்தச் சொல் இங்கே மறுபடி எழுகிறது. பக்கவிளைவால் மருந்தை நிறுத்திவிடும் நோயாளிக்கு அம்மருந்தின் திறன் சுழியம்தான். ஆகவே தகுந்த தரவோடு வரும் பாதுகாப்பு மேம்பாட்டைத் திறனாக ஏற்பதே பிரிவின் நோக்கத்துக்கு இசையும் என்பது என் கருத்து.

2021-இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டு, அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. டெல்லியும் சென்னையும் இதற்கெனத் தனிப் பிரிவுகளை அமைத்தன. நோவோசைம்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல், 3(டி) மருந்துக்கு மட்டும் உரியதல்ல, உயிர்வேதிப் பொருள்களுக்கும் பொருந்தும் என்றது. அங்கே பொருள் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் பைட்டேஸ் நொதி. தீவனத்தை வெப்பத்தில் வில்லையாக்கும்போது சிதையாமல் நிற்பதே அதன் வேலைக்குத் தேவை என்பதால், வெப்பம் தாங்கும் பண்பையே செயல்திறனாக நீதிமன்றம் ஏற்றது, மறுப்பாணையை நீக்கியது. இமாட்டினிப் வழக்கில் நிலைத்தன்மை எடுபடவில்லை, நொதி வழக்கில் எடுபட்டது. பொருள் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை வைத்தே திறனை அளக்க வேண்டும் என்பதால் இவ்விரண்டும் முரணல்ல. விண்ணப்பம் எழுதும் வழக்கறிஞர் அந்த வேலை எது, நெருங்கிய அறிந்த பொருள் எது என்பதை முதல் வரைவிலேயே முடிவு செய்து, அவ்விரண்டுக்கும் நேரான ஒப்பீட்டுத் தரவை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.