‘பி0010’ என்று ஸ்கேனர் காட்டினால்: வால்வை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

டொயோட்டா வியோஸ் போன்ற கார்களில் இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினால் ‘பி0010’ என்று காட்டுகிறது. “வால்வு போயிடுச்சு, மாத்தணும்” என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். போயிருக்கலாம். ஆனால் அந்தக் குறியீடு வால்வை மட்டும் குற்றம் சொல்லவில்லை.

இந்த இஞ்சின்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு உண்டு. டொயோட்டா இதை விவிடி-ஐ என்கிறது. பெரோடுவா மைவியில் உள்ள டிவிவிடியும் இதே வகைதான். கேம்ஷாஃப்ட் முனையிலுள்ள பகுதியை எண்ணெய் அழுத்தம் திருப்புகிறது. அந்த எண்ணெயை வழிநடத்துவது ஓசிவி எனப்படும் சிறிய மின்காந்த வால்வு. அதற்கு மின்சாரம் தந்து இயக்குவது காரின் கணினியான இசியு.

இசியுவுக்கும் அந்த வால்வுக்கும் இடையிலான மின்சுற்றில் கோளாறு என்பதே பி0010-இன் பொருள். வால்வின் சுருள், பிளக், ஒயர், இசியு ஆகிய நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம். பி0011 வேறு கதை: அது நேர அமைப்பு முன்னே சென்று நின்றுவிட்டதைக் குறிக்கும். அங்கே அழுக்கு எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம்தான் வீண்.

முதலில் இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, வால்வின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் கசிந்திருக்கிறதா, முள் பச்சை பிடித்திருக்கிறதா? தோட்டப்புறத்தில் நிறுத்தும் கார் என்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து மல்டிமீட்டர். வால்வின் இரு முனைகளுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். வியோஸின் 1என்இசட்-எஃப்இ இஞ்சினில் 20 பாகை செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். அப்போது வால்வை மாற்றுவது நியாயம். மற்ற கார்களுக்கு அவற்றின் பழுதுபார்ப்புக் கையேட்டிலுள்ள அளவே சரி.

அளவு சரியாக இருந்தால் ஒயரைச் சோதிக்க வேண்டும். பேட்டரி இணைப்பையும் இசியு பிளக்கையும் கழற்றிவிட்டு, இரு முனைகளுக்கும் இடையே அளந்தால் 1 ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். ஒயரை அசைத்தபடி அளப்பது நல்லது. உள்ளே பாதி அறுந்த ஒயர் அசையாமல் இருக்கும்போது நல்ல பிள்ளையாக நடிக்கும். இசியுவைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். அதுதான் விலை அதிகம்.

இந்தக் கோளாறோடு கார் பொதுவாக ஓடும், ஆனால் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம். அங்கே “மீட்டர் அளவைக் காட்டுங்கள், அண்ணே” என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல ஃபோர்மேன் கோபிக்க மாட்டார். வால்வை மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதன் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வளையத்தில் கசியும் எண்ணெய் மறுபடியும் பிளக்கில் இறங்கும்.