டி.எம்.பி. லாரியும் அதன் சிற்றுருவும்

ஜம்ஷெட்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் டி.எம்.பி. என்னும் மூன்றெழுத்தை அறியாத வீடு இருத்தல் அரிது. டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் என்பதன் சுருக்கம் அது. தந்தையாரோ பாட்டனாரோ அவ்வாலையின் வார்ப்படச் சாலையிலோ, கருவி அறையிலோ, கணக்குப் பிரிவிலோ பணியாற்றிய குடும்பங்கள் நம்மிடையே பல. 1954-ஆம் ஆண்டு முதல் இவ்வூரிலிருந்து புறப்பட்ட அந்நடுத்தர லாரியை இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில், மரத்தாலும் தகரத்தாலும் செய்து சங்கத்தில் வைக்க வேண்டும் என்னும் ஆவல் நம்மிற் சிலருக்கு எழுந்தது. இரம்பமும் அரமும் பசையும் இருந்தால் முடிந்துவிடும் வேலை இது என்று வெளியிலிருந்து காண்போர் கருதுவர். தொடங்கிய பின்னரே, கைவேலையினும் வரலாற்றுத் தேடலே இதிற் பெரும்பகுதி என்பது தெளிவாயிற்று. அத்தேடலிற் கண்டவற்றுட் சிலவற்றை இம்மலரின் வாசகர்க்குக் கூற விழைகின்றோம்.

முதலில் ஆலையின் கதையைச் சுருங்கக் கூறிவிடுவோம். இவ்விடத்தில் 1921-இல் பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனி என்னும் பெயரில் இரயில் எஞ்சின் செய்யும் முயற்சி ஒன்று தொடங்கி, போதிய ஆர்டர்கள் கிட்டாமையால் நலிந்தது. பின்னர் அரசு அதனை ஏற்று இரயில்வே பட்டறையாக நடத்தியது. 1945-இல் டாட்டா நிறுவனத்தார் கைக்கு வந்து, டெல்கோ என்னும் பெயரில் நீராவி எஞ்சின்களுக்கு உரிய தொழிற்சாலை ஆயிற்று. லாரி பிறந்ததோ வேறொரு சூழ்நிலையில். அதுவரை அயல்நாட்டுக் கம்பெனிகள் பாகங்களைப் பெட்டிகளில் இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்றுவந்தன. 1953-இல் வெளிவந்த சுங்கவரிக் கமிஷன் பரிந்துரைகளைத் தழுவி, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டமிடுவோர்க்கே இனி இடம் என்று அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. எண்ணூரில் லேலண்ட் லாரிகளும், பம்பாய்க் குர்லாவில் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும் உருவாகிய அக்காலத்தில், டெல்கோ ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. சுமந்த் மூல்காவ்கர் அவர்களின் தலைமையில் நடைபெற்ற பணி அது. எஞ்சின் செய்த கைகள் லாரியும் செய்யலாயின.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். முதல் தடை பெயரிலேயே உள்ளது. நம் லாரியின் பெயர் 312. ஜெர்மனியில் அக்காலத்து லாரிகளுக்குச் சுமையைக் கொண்டே பெயரிட்டனர். எல் 3500 என்றால் மூன்றரை டன், எல் 4500 என்றால் நாலரை டன். 1950களின் நடுவில் இம்முறை மாறியபோது முன்னது எல் 311 எனவும், பின்னது எல் 312 எனவும் பெயர் பெற்றன. இரண்டிலும் பொருத்திய எஞ்சினுக்கோ ஓ.எம். 312 என்று பெயர். ஆகவே பழைய கையேடு ஒன்றில் 312 என்னும் எண்ணைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அது வண்டியைக் குறிக்கின்றதா, எஞ்சினைக் குறிக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். வண்டி சிறியதாயிருக்க எஞ்சின் மட்டும் ஒன்றாயிருப்பின், அந்நூலின் அளவுகள் நமக்கு உதவா. அவ்வாறே 312 என்று மட்டும் தேடுவோர்க்கு 4500 என்னும் பெயரில் வெளியான படங்கள் தப்பிவிடும். எஞ்சினைப் பொறுத்தவரை ஐயமில்லை. ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம், 120 மி.மீ. ஓட்டம், ஏறத்தாழ 4.6 லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் அது.

அடுத்த செய்தி இதனினும் முக்கியமானது. ஜெர்மனியில் வெளியான வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என எண்ணத் தோன்றும். ஆனால் அங்கே ஓட்டுநர் இருப்பது இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். படத்தைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோலத் திருப்பிப்போட்டாற் சரியாகிவிடும் என்று சொல்வாரும் உண்டு. அவ்வாறு திருப்பினால் எஞ்சினும் உடன் திரும்பிவிடும் அன்றோ! ஸ்டியரிங் இடம் மாறலாம், எஞ்சினின் பக்கங்கள் மாறா. ஆதலால் பானெட்டைத் திறந்து காட்டும் மாதிரிக்கு, வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட வண்டியின் படமே சான்றாகும்.

அன்றியும், ஜெர்மானிய லாரி கேபினுடன் முழு உருவாய் நிற்பது. இங்கிருந்து புறப்பட்ட லாரிகளோ பெரும்பாலும் கேபினும் சுமைப்பெட்டியும் இல்லாதன. சேசிஸ், எஞ்சின், பானெட், முன் மட்கார்டுகள், பானெட்டின் பின்னே கவுல் எனப்படும் முகப்புத் தகடு, இவ்வளவே ஆலையின் பங்கு. எலும்புக்கூடு போன்ற அவ்வண்டிகளைக் கான்வாய் டிரைவர்கள் வரிசை வரிசையாக நாட்டின் நாற்றிசைக்கும் ஓட்டிச் சென்றனர். மேலே கூரை இல்லை, பக்கத்திற் கதவில்லை. மரப்பெட்டியோ பலகையோ இருக்கையாக, தலையில் துண்டும் கண்ணிற் புழுதிக் கண்ணாடியுமாக, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான மைல் சென்றவர்கள் அவர்கள். வண்டிகளைப் பற்றி எழுதுவோர் இவர்களைப் பற்றி இரண்டு வரிகூட எழுதாதது நமக்கு வியப்பளிக்கின்றது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கியவர் தம் விருப்பப்படி பாடி கட்டிக்கொண்டார். பஞ்சாபில் கட்டிய கேபினுக்கு ஒரு முகம், நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டியதற்கு மற்றொரு முகம். இதே சேசிஸ்மீது பஸ் கட்டியோரும் பலர்.

எனவே ஒரு லாரிக்கு வரலாறு இரண்டு. இருக்கையின் முன்னே உள்ள பகுதிக்கும் கீழே உள்ள சேசிஸுக்கும் ஆலையின் ஏடுகள் உண்டு, உதிரிப்பாகப் பட்டியல்கள் உண்டு. அதற்குப் பின்னால் உள்ள பகுதிக்கோ, பெயர் தெரியாத ஆசாரியின் கண்ணும் முழக்கோலுமே ஏடு. அளவை முறையும் இரண்டாகவே இருந்தது. சேசிஸ் மில்லிமீட்டரில் அளக்கப்பட்டது, பாடி அடியிலும் அங்குலத்திலும் கட்டப்பட்டது. இருபத்து நான்கில் ஒரு பங்கு என்னும் அளவை நாம் தேர்ந்ததற்கு இதுவே காரணம். அதில் ஓர் அடி சரியாக அரை அங்குலம் ஆகும். ஆறடிப் பலகை மூன்றங்குலம். ஆசாரியின் கணக்கு நம் மேசைமீதும் பிசகாது வந்துவிடும்.

வரைபடமே இல்லாத பாடியை எவ்வாறு அளப்பது? போட்டோவைக் கொண்டே அளத்தல் வேண்டும். பக்கவாட்டில், சற்றுத் தொலைவிலிருந்து எடுத்த படமே உதவும். நெருங்கி எடுத்த படத்தில் அருகிலுள்ளது பெருத்தும் அகன்றுள்ளது சிறுத்தும் தோன்றும். படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும், அது சக்கரம். டயரில் 8.25-20 என்று பொறித்திருந்தால் ரிம்மின் விட்டம் 20 அங்குலம். நம் மாதிரியில் அது 21 மி.மீ. அளவாகும். ஆயினும் அவ்விருபது அங்குலம் டயர் அமரும் இடத்தின் விட்டம். நம் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு அதனினும் சற்றுப் பெரிது. பழைய 20 அங்குல ரிம் கிடக்கும் டயர் கடை ஒன்றிற்குச் சென்று, டேப் வைத்து விளிம்பை அளந்து கொள்ளுதல் நன்று. பின்னர் அவ்விளிம்பைப் படத்தில் அளந்து, கதவு அதற்கு எத்தனை மடங்கு, பக்கப்பலகை எத்தனை மடங்கு என்று கணக்கிடலாம். சக்கரத்தோடு ஒரே தளத்தில் உள்ளவற்றுக்கே இம்முறை பொருந்தும். வண்டியின் நடுவே இருக்கும் ரேடியேட்டரை இதனால் அளக்கப் புகுந்தால் சிறுத்துப் போகும்.

சக்கரத்தில் மற்றொரு நுட்பம். முன்சக்கரத்தின் நடுப்பகுதி வெளியே புடைத்து நிற்கும். பின்னால் இரட்டை டயராதலின் வெளிச்சக்கரம் உட்குழிந்து காணும். நான்கையும் ஒன்றுபோற் செய்து ஒட்டிய மாதிரிகள் கண்காட்சிகளில் நிரம்ப உள. பட்டை ஸ்பிரிங்கும் அவ்வாறே. வெறும் வண்டி பின்புறம் சற்று உயர்ந்து நிற்கும், பாரம் ஏற்றியது தாழும். மூட்டைகளை அடுக்கிவிட்டு ஸ்பிரிங்கை வளைந்தபடியே விட்டால் அம்மூட்டைகளில் பஞ்சுதான் இருக்கிறது என்று பார்ப்போர் எண்ணுவர்.

எந்த ஆண்டு வண்டி என்பதைத் தீர்மானிக்காமல் வண்ணம் தீட்டக் கூடாது. ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. அதன்பின் மூன்றுமுனை நட்சத்திரம் நீங்கி, வட்டத்துள் டி எழுத்து முகப்பில் வந்தது. ஆனால் நட்சத்திரம் ஒன்றை மட்டும் நம்பி ஆண்டு சொல்லலாகாது. உடைந்த முகப்புக்குப் பழைய வண்டியின் முகப்பைக் கழற்றி மாட்டுவது பட்டறைகளில் அன்றாட வழக்கம். எழுத்துகள் இதனினும் நல்ல சாட்சி. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடப்பிலிருந்தவரை வாடகை லாரியின் நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ என்று எழுதினர். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பாகுபாட்டை நீக்கியது. பக்கவாட்டில் எழுதும் எடைக் கணக்கு முதலில் பவுண்டில் இருந்து, மெட்ரிக் அளவை பரவியபின் கிலோகிராமுக்கு மாறியது. நம்பர் தகட்டில் இவ்வூர் வண்டிக்கு அக்காலத்தில் பீகாரின் பி.ஆர். என்னும் எழுத்துகளே வரும். ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000-ஆம் ஆண்டிலேயே.

நிறம் அறிதல் கடினம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தோன்றக்கூடும். பழைய மட்கார்டு ஒன்று கிடைக்குமாயின், அதன் ஓரத்தில் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்தால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாக வெளிப்படும். அடியில் உள்ள வளையமே முதற்பூச்சு. முதியோர் நினைவு இங்கே பெரிதும் துணை செய்யும் என்றாலும், ஒருவர் நீலம் என்பார், அவரோடு ஒரே ஷெட்டில் முப்பதாண்டு வேலை பார்த்த நண்பர் பச்சை என்பார். மட்கார்டை நம்புவதே நலம்.

சேசிஸின் வரலாற்றைக் காக்க ஆள் உண்டு. புனேயில் டாட்டா மைய ஆவணக்காப்பகம் உள்ளது, ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரில் மெர்சிடிஸ் காப்பகம் உள்ளது. கான்வாயும், ஊர் ஊராகக் கட்டிய பாடியும் இக்காலனி வீடுகளின் ஆல்பங்களிலேயே வாழ்கின்றன. தந்தையார் ஓய்வு பெற்று, கம்பெனி வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து முதலில் கழிவது இப்படங்களே. திருமணப் படத்தைக் காப்பாற்றுவோர், வாயிலில் லாரி நிற்கும் படத்தை ‘யாரும் இல்லாத படம்’ என்று கிழித்தெறிகின்றனர். நாம் தேடுவது அந்தப் ‘யாரும் இல்லாத’ படங்களையே. பிள்ளையின் பின்னே தற்செயலாக விழுந்த ஒரு சக்கரமும், பூசையன்று மாலையிட்டு நிறுத்திய வண்டியின் பின்கதவுச் சங்கிலியும் நமக்கு அளவுகோல்கள்.

ஆதலின் அன்பர்கள் தங்கள் இல்லத்து ஆல்பங்களைச் சங்கத்திற்குக் கொணர்ந்து காட்டுமாறு வேண்டுகின்றோம். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுக்க வேண்டா, பக்கத்தோடு கொண்டு வருக. தனிப் படமாயின் அதன் பின்புறத்தில் ஆண்டு, இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை மெல்லிய பென்சிலால் எழுதுக. பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறும். வீட்டில் எண்பது கடந்த பெரியவர் இருப்பின், எழுதுமுன் அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுக.