பல்லைப் பிடிச்சுப் பாத்து வயசு

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. ஆனா காசு குடுத்து வாங்குற மாட்டைப் பாக்காம விடவே மாட்டாங்க. எங்க போளூருக்குப் பக்கத்துல கேளூர் மாட்டுச் சந்தைன்னு ஒண்ணு இருக்கு. மாட்டைப் பாத்த உடனே ஆளுங்க செய்யுற வேலை, கீழ் உதட்டை இறக்கிப் பாக்குறதுதான். மாட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லே கிடையாது. கீழ எட்டு. கன்னுக்குட்டியா இருக்கும்போது எட்டும் பால்பல். ரெண்டு வயசு வாக்குல நடுவுல ஒரு ஜோடி விழுந்து, அகலமா புதுசா ரெண்டு வரும். அப்புறம் நாலு, ஆறு, எட்டு. "ரெண்டு பல்லு", "நாலு பல்லு"ன்னு விலை பேசுறது இதை வச்சுத்தான். மொத்தப் பல்லை எண்ண மாட்டாங்க, மாறின பல்லை மட்டும்தான் எண்ணுவாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இதே மாதிரி மனுசப் பிள்ளையோட வாயைத் திறந்து பாத்து, "இவன் வேலைக்குப் போகலாமா, எத்தனை மணி நேரம் போகலாம்"னு முடிவு பண்ண ஒரு காலம் இருந்துச்சு. இந்தப் பதிவு அந்தக் கதையைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

1833, இங்கிலாந்து

பஞ்சாலைகள் பெருகின காலம். ஏழெட்டு வயசுப் பிள்ளைங்க எல்லாம் மில்லுல வேலை பாத்தாங்க. 1833ல பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு தொழிற்சாலைச் சட்டம் போட்டுச்சு. ஒன்பது வயசுக்குக் கீழ இருந்தா நெசவாலையில சேர்க்கக் கூடாது. 9 முதல் 13 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான், வாரத்துக்கு 48 மணி. 13 தாண்டிட்டா 18 வயசு வரைக்கும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வாங்கலாம். ஆக, ஒரு பிள்ளைக்கு 12 வயசா 13 வயசான்னு சொல்ற ஒரு வார்த்தையில தினம் மூணு மணி நேரம் அடங்கியிருந்துச்சு.

ஒரு விதிவிலக்கும் இருந்துச்சு. ஒன்பது வயசு வரம்பு பட்டு ஆலைகளுக்குக் கிடையாது! பஞ்சுக்கும் கம்பளிக்கும் உண்டு, பட்டுக்கு மட்டும் இல்லை. பட்டு நெய்யுற ஊர்க்காரனுக்கு இது சட்டுனு கண்ணுல படும். இந்த விஷயத்துக்குத் திரும்ப வருவோம்.

வயசை எப்படிக் கண்டுபிடிக்குறது? இங்கிலாந்துல அரசாங்கப் பிறப்புப் பதிவு ஆரம்பிச்சதே 1837 ஜூலையிலதான். சட்டம் வந்தப்போ ஊர் டாக்டர் பிள்ளையைப் பாத்து, "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு உண்டான சாதாரண பலமும் தோற்றமும் இருக்கு"ன்னு எழுதிக் குடுத்தா போதும். தோற்றம்னா என்ன? ஒவ்வொரு டாக்டருக்கும் ஒவ்வொண்ணு. பெத்தவங்களுக்குக் கூலி வேணும், முதலாளிக்குக் கை வேணும். ரெண்டு பேருமே வயசைக் கூட்டித்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் உயரத்தை வச்சு அளந்து பாத்தாங்க. ஆனா உயரம் சோத்தைப் பொறுத்தது. நல்லா சாப்பிட்ட எட்டு வயசுப் பிள்ளை, பட்டினி கிடந்த பத்து வயசுப் பிள்ளையை விட வளர்ந்து நிக்கும்.

1837ல எட்வின் சாண்டர்ஸ்னு ஒரு இளம் பல் மருத்துவர் பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்காகவே ஒரு சின்னப் புத்தகம் போட்டார். வயசுக்குப் பல்லே சோதனைங்கறதுதான் தலைப்போட சாரம். வயசு தெரிஞ்ச ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைங்களோட வாயைப் பாத்துட்டு எழுதினது. உயரத்தை விடப் பல் நம்பகமானதுன்னு அவர் வாதாடினார். (இவர் பின்னாடி விக்டோரியா ராணிக்கே பல் மருத்துவராகி, 1883ல சர் பட்டமும் வாங்கினார்.)

எண்ணினா ஏன் போதாது?

பால்பல் மொத்தம் 20: வெட்டுப்பல் எட்டு, கோரைப்பல் நாலு, கடைவாய்ப்பல் எட்டு. நிலைப்பல் 32: வெட்டுப்பல் எட்டு, கோரைப்பல் நாலு, முன்கடைவாய்ப்பல் எட்டு, கடைவாய்ப்பல் பன்னிரண்டு. முன்கடைவாய்ப்பல்ங்கற ரகமே பால்பல்லுல இல்லை. பால் கடைவாய்ப்பல் விழுந்த இடத்துலதான் அது முளைக்கும். அப்போ நிஜக் கடைவாய்ப்பல்? அது எந்தப் பல்லையும் தள்ளிட்டு வராது. ஆறு வயசு வாக்குல, பால்பல் வரிசைக்குப் பின்னாடி காலியா இருக்குற ஈறுல சத்தமில்லாம முளைக்கும்.

இப்போ கணக்கு போடுங்க. மூணு வயசுல 20. ஆறேழு வயசுல பின்னாடி நாலு சேர்ந்து 24. அதுக்கப்புறம் ஒண்ணு விழும், அதே இடத்துல ஒண்ணு வரும். பதினோரு, பன்னிரண்டு வயசு வரைக்கும் மொத்தம் 24ஐச் சுத்தியே நிக்கும். சட்டத்துக்கு எந்த வயசு ரொம்ப முக்கியமோ, அந்த வயசுல பல் எண்ணிக்கை ஒண்ணுமே சொல்லாது! சந்தையில செய்யுற மாதிரி மாறின பல்லை மட்டும் எண்ணணும். அதுக்கு எது பால்பல், எது நிலைப்பல்னு அடையாளம் தெரியணும்.

அடையாளங்கள் இதுதான்:

நிறம். பால்பல் பேருக்கேத்த மாதிரி பால் வெள்ளை. நிலைப்பல் லேசா மஞ்சள் ஓடினது. புதுப்பல் மஞ்சளா இருக்கேன்னு பெத்தவங்க பயப்படுவாங்க. பயப்பட ஒண்ணுமில்லை, அதோட நிறமே அதுதான்.

முனை. புதுசா வந்த வெட்டுப்பல்லோட விளிம்புல மூணு சின்ன மொட்டு இருக்கும், ரம்பம் மாதிரி. கடிச்சுக் கடிச்சுக் கொஞ்ச வருசத்துல தேஞ்சிடும். பால்பல்லுல இது பொதுவா இருக்காது.

உருவம். பால்பல் குட்டை, அகலம், கழுத்துல இறுகி ஈறுக்கு மேல புடைச்சு நிக்கும். பால் கடைவாய்ப்பல்லை விட, அதோட இடத்துக்கு வர்ற முன்கடைவாய்ப்பல் அகலத்துல பொதுவா சின்னது. எல்லா நிலைப்பல்லும் பால்பல்லை விடப் பெருசுன்னு நினைக்குறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும்.

உள்ளே. பால்பல்லோட எனாமல், நிலைப்பல் எனாமல்ல ஏறக்குறைய பாதி கனம்தான். நடுவுல நரம்பும் ரத்தமும் இருக்குற அறை, பல்லோட அளவுக்குப் பெருசு. அதனாலதான் பால்பல்லுல சொத்தை விழுந்தா சீக்கிரம் நரம்பைத் தொட்டுடுது. "விழப்போற பல்தானே"ன்னு விட்டா ராத்திரி பூரா அழுகைதான்.

வேர். பால் கடைவாய்ப்பல்லோட வேர் மெல்லிசா, கவட்டை மாதிரி விரிஞ்சிருக்கும். அந்தக் கவட்டைக்கு நடுவுலதான் அடுத்த பல் உருவாகுது. அது மேல வர வர வேர் கரையும். நாம சாணியில வச்சுக் கூரை மேல எறியுற பல்லுல வேரே இல்லாம இருக்கறது இதனாலதான். உடைஞ்சு போகலை, கரைஞ்சு போயிருக்கு.

இதுல ஒரு சிக்கல், பால்பல்லுல ரெண்டாவது கடைவாய்ப்பல்லும், ஆறு வயசுல வர்ற முதல் நிலைக் கடைவாய்ப்பல்லும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தம்பியை அண்ணன்னு எடுத்துக்கிட்டா, ஆறு வயசு ஆகாத பிள்ளைக்கும் ஆறு ஆனதா ஆயிடும்.

சாண்டர்ஸ் பாத்த முறை ஏறக்குறைய இப்படி. 9 வயசுன்னா வெட்டுப்பல்லும் முதல் கடைவாய்ப்பல்லும் நிலைப்பல்லா இருக்கணும். 13ன்னா கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், ரெண்டாவது கடைவாய்ப்பல்லும் வந்திருக்கணும். எங்க வேலையில நேரா அளக்க முடியாததை இன்னொண்ணை வச்சு அளக்குறதை ப்ராக்ஸின்னு சொல்லுவோம். பல், வயசுக்கு ஒரு ப்ராக்ஸி. நல்ல ப்ராக்ஸி, ஆனா ப்ராக்ஸிதான்.

இங்கே என்ன நடந்துச்சு

இந்தியாவுல முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881. ஏழு வயசுக்குக் கீழ வேலை கூடாது, 7 முதல் 12 வரைக்கும் ஒன்பது மணி நேரம். 1891ல அது ஒன்பது வயசு, ஏழு மணி நேரம்னு மாறுச்சு. 1922ல பன்னிரண்டு வயசு, ஆறு மணி நேரம். 1948 சட்டத்துல பதினாலு. வயசு ஏறிக்கிட்டே வந்துச்சு, ஆனா வயசைக் காட்டுற காகிதம் வரலை. சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899ல, நாடு முழுசுக்கும் 1969ல. சட்டம் வந்தாலும் வீட்டுல பிறந்த பிள்ளையை யார் போய்ப் பதிஞ்சாங்க? டாக்டர் கைக்கு எட்டினது உடம்பு ஒண்ணுதான்.

பள்ளிக்கூடத்துல நாம வச்சிருந்த சோதனையும் இதே ரகம்தானே. வலது கையைத் தலை மேல போட்டு இடது காதைத் தொடணும். தொட்டா ஒண்ணாங்கிளாஸ். வாத்தியார் ஜூன் மாசத்துல ஒரு தேதியைப் போட்டு எழுதிடுவார். நம்ம அப்பா தலைமுறையில பாதிப்பேர் ஜூன்ல பிறந்தது அப்படித்தான் :-)

சரி, பட்டுக்கு வருவோம். போளூர், ஆரணி பக்கம் பட்டு நெசவு ஆலையில நடக்கலை, வீட்டுக்குள்ள குழித்தறியில நடந்துச்சு. 1881 சட்டம் இயந்திர சக்தியில ஓடுற, நூறு பேருக்கு மேல வேலை பாக்குற இடத்துக்கு. 1891ல அம்பது பேர். கைத்தறி வீட்டுல சக்தின்னா கையும் காலும்தான். அதனால எந்த ஆய்வாளரும் வாசப்படி ஏறலை. கோர்வைச் சேலை நெய்யும்போது பார்டருக்குத் தனி நாடா ஓட்ட, பக்கத்துல இன்னொரு ஆள் வேணும். தார் சுத்தவும் ஆள் வேணும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, இல்லைன்னா முன்பணம் வாங்கின இன்னொரு வீட்டுப் பிள்ளை. பிள்ளையோட உழைப்பை அடகு வைக்குறது செல்லாதுன்னு 1933லயே ஒரு சட்டம் வந்தும் பழக்கம் போகலை. 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமைப் பிள்ளைங்களைப் பத்தி அறிக்கை வெளியிட்டப்போ, கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோட தமிழ்நாடும் அதுல இருந்துச்சு.

1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவையும் சாயம் போடுறதையும் தடை செஞ்ச பட்டியல்ல சேர்த்துச்சு. கூடவே ஒரு வரி: குடும்பத்தோட உதவியில நடக்குற பட்டறைக்கு இது பொருந்தாது. 1833ல பட்டு ஆலைக்கு விட்ட அதே சந்து! வேற ஊர், வேற காரணம், ஆனா ரெண்டு தடவையும் பட்டு நெய்யுற பிள்ளை வெளியில நின்னுச்சு. 2016 திருத்தத்துல பதினாலுக்குக் கீழ எல்லா வேலையும் கூடாதுன்னு வந்துச்சு. அப்பவும், பள்ளிக்கூட நேரம் போக, லீவு நாள்ல ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம்னு விலக்கு இருக்கு.

1986 சட்டத்துல வயசுத் தகராறுன்னு ஒரு பிரிவும் உண்டு. வயசுச் சான்று இல்லாம ஆய்வாளரும் முதலாளியும் முரண்பட்டா, மருத்துவ அதிகாரிதான் முடிவு சொல்லணும். அப்போ பல்லும் எலும்பும்தான் சாட்சி.

அந்த சாட்சி எவ்வளவு நம்பலாம்?

ஒரே பல் ஒரு பிள்ளைக்கு அஞ்சரை வயசுல வரும், இன்னொண்ணுக்கு ஏழு தாண்டி வரும். பொண்ணுங்களுக்குப் பையன்களை விடச் சில மாசம் முன்னாடி. பால்பல்லை முன்னாடியே பிடுங்கினா அடுத்தது முந்தலாம், பிந்தவும் பிந்தலாம். ரெண்டாவது கடைவாய்ப்பல் வந்தப்புறம் ஞானப்பல் வரைக்கும் வாயில சேதியே இல்லை. பதினாலாங்கற கேள்விக்குப் பல் பதில் சொல்ல ரொம்பத் தடுமாறும். எக்ஸ்ரேயில வேர் வளர்ச்சியைப் பாக்குற முறை 1973ல டெமிர்ஜியன் குழு குடுத்தது. கனடாவுல பிரெஞ்சு வம்சாவளிப் பிள்ளைங்களை வச்சுச் செஞ்ச கணக்கு அது. நம்ம பிள்ளைங்களுக்குப் போட்டுப் பாத்தா பல ஆய்வுகள்ல வயசைக் கூட்டிக் காட்டுது. குழந்தைத் தொழிலாளிக்கு வயசைக் கூட்டிக் காட்டுற பிழை சின்னப் பிழை இல்லை. 1982ல ஜெயமாலா வழக்குல உச்ச நீதிமன்றமே, எக்ஸ்ரே வயசுல ரெண்டு பக்கமும் ரெண்டு வருசம் வித்தியாசம் இருக்கலாம்னு சொல்லிடுச்சு.

அதனாலதான் 2015 சிறார் நீதிச் சட்டம் வரிசையைத் தெளிவா வச்சிருக்கு. முதல்ல பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லைன்னா உள்ளாட்சி குடுத்த பிறப்புச் சான்று. ரெண்டும் இல்லாதப்போ மட்டும்தான் மருத்துவச் சோதனை. பல்லுக்குக் கடைசி பெஞ்ச். அது சரியான இடம்தான்.

சந்தையில பல்லைப் பாக்குறோம்னா, மாட்டுக்குக் காகிதம் இல்லைங்கறதாலதான். ஒரு பிள்ளையோட வாயைத் திறந்து வயசு தேட வேண்டி வந்தா, அதுக்கு முன்னாடி வீடு, பஞ்சாயத்து, பள்ளிக்கூடம்னு மூணு இடத்துல யாரோ அதைப் பதியாம விட்டிருக்காங்கன்னு அர்த்தம். உங்க ஊர்ல ஆஸ்பத்திரிக்கு வெளியில, வீட்டுல பிறந்த பிள்ளை இருந்தா 21 நாளுக்குள்ள பதியச் சொல்லுங்க. விட்டுப் போயிருந்தாலும் தாமதப் பதிவுக்கு வழி இருக்கு.